சகலை வீட்டு நிலைக்கால்

சுவாமிதாஸ் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. அவரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார். நியாயம் கேட்பார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு முருங்கை காய்த்தால், தன் வீட்டு முருங்கைக்கு என்ன கேடு என்று கர்த்தரிடம் நியாயம் கேட்பார். பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி வந்தால், வந்த ஆள் தன் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவது எந்த ஊர் மரியாதை என்று மனைவியிடம் நியாயம் கேட்பார். அந்தப் பக்கத்து வீடு தன் சகலை ஏசுவடியானின் வீடாக அமைந்துபோனதற்கு அவர் என்ன செய்வார்?

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில், மதுரை ரோட்டின் மேல் அந்த இரண்டு வீடுகளும் ஜோடியாக நின்றன. ஒரே அளவு, ஒரே ஓடு, ஒரே மாதிரி வாசல். நடுவில் ஓர் ஆள் நடக்கிற சந்து. கட்டிக் கொடுத்தவர் மாமனார் வேதமாணிக்கம். ரங்கூனில் மர மில்லில் ரைட்டராக இருந்து, யுத்தத்துக்கு முன்பே ஊர் திரும்பியவர். மற்றவர்கள் ரங்கூனிலிருந்து கைலியும் குடையும் பீங்கான் கோப்பையும் கொண்டுவந்தார்கள். அவர் ஒரு தேக்கு மரத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். அந்த ஒரே மரத்தை அறுத்து, மூத்த மகள் ஞானப்பூ வீட்டுக்கு ஒரு வாசல் நிலை, இளைய மகள் இன்பராணி வீட்டுக்கு ஒரு வாசல் நிலை என்று செய்வித்தார். நட்ட கையோடு இரண்டு நிலைகளுக்கும் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் பெயிண்டை அடித்து மூடிவிட்டார்.

"பர்மாத் தேக்கை யாராச்சும் பெயிண்டால மூடுவாகளா? எண்ணெய் தடவி விட்டா முகம் பாக்கலாமே" என்று ஊர் அங்கலாய்த்தது.

"முகம் பாக்கத்தான் ஆளுக்கொரு கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்கேனே" என்றார் வேதமாணிக்கம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலே செத்தும் போனார்.

அந்தச் சாவிலும் சுவாமிதாஸுக்கு ஒரு நியாயம் பாக்கி நின்றது. மாமனாருக்கு மூச்சு இழுக்கிறது என்று ஆள் ஓடிவந்தபோது, மூத்த மருமகன் வெறும் சட்டையோடு போவது முறையல்ல என்று அவர் கோட்டைத் தேடினார். கோட்டு அகப்பட்டு, அதற்குள் கையை நுழைத்து, பொத்தான்களை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கிழவர் ஏசுவடியானின் கையைப் பிடித்தபடி கிடந்தார். ஏசுவடியானோ பஸ் கம்பெனி ஏஜெண்டு. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் அடுப்புக்கரிப் புகையில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கரி மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு அப்படியே ஓடிவந்த கை. மூத்த மருமகனின் சுத்தமான கை கோட்டுக்குள் நுழைந்துகொண்டிருக்க, அந்தக் கரிக்கையைப் போய்ப் பிடித்தாரே மனுஷன்!

அன்றிலிருந்து சுவாமிதாஸின் மனசை ஒரே கேள்வி அரித்தது. மாமனார் மனசில் யார் மேல், யார் கீழ்? பதில் சொல்ல வேண்டிய ஆள் கல்லறைத் தோட்டத்தில் நிம்மதியாகப் படுத்திருந்தார்.

அருப்புக்கோட்டையில் சின்ன நூல் கடை ஒன்று வைத்திருந்தார் சுவாமிதாஸ். தறிக்காரர்களுக்கு நூலும், நூலுக்குச் சாயம் ஏற்றுகிற சரக்குகளும் அங்கே கிடைக்கும். கடை சின்னதுதான். அதைச் சரிக்கட்ட, மூன்று அறை ஓட்டு வீட்டின் நெற்றியில் 'சாரோன் வில்லா' என்று பலகை மாட்டியிருந்தார். ஏசுவடியான் வீட்டில் பலகை இல்லை. இருந்தும் மதுரை போகிற பஸ்ஸெல்லாம் அவன் வாசலில்தான் நின்றது. "ஏஜெண்டு வீடு! ஏஜெண்டு வீடு எறங்கு!" என்று கண்டக்டர்கள் கத்தினார்கள். சாரோன் வில்லாவைத் தேடி வருகிறவர்கள்கூட ஏஜெண்டு வீட்டுக்கு டிக்கெட் வாங்கித்தான் வர வேண்டியிருந்தது.

யுத்தம் முடிந்த மறுவருஷம், அறுப்பின் பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கையில், சபை உபதேசியார் ஆராதனையின் முடிவில் ஓர் அறிவிப்புச் செய்தார். திருச்சுழிப் பக்கத்திலிருந்து புதிய போதகர் ஐயரவுக பண்டிகைக்கு வருகிறார்கள். சனிக்கிழமை மத்தியானமே வந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சாப்பாடு வேதமாணிக்கம் குடும்பத்தில்.

எந்த வீட்டில் என்று சொல்லவில்லை.

மூத்த வீட்டில்தான் என்பதில் சுவாமிதாஸுக்குச் சந்தேகமில்லை. ஐயருக்குச் சந்தேகம் வராமல் இருக்க வேண்டுமே என்றுதான் கவலை. பஸ்ஸிலிருந்து இறங்குகிற மனுஷன் எதிரே தெரிகிற வாசலில் நுழைந்துவிட்டால்? எனவே பார்த்த மாத்திரத்தில் கண்ணை இழுக்கிற மாதிரி வீட்டு முகப்பை மாற்ற முடிவு செய்தார். பட்டாளத்து மிச்சச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்த நேரம். லாரிக்கு அடிக்கிற பச்சை பெயிண்டு டின் ஒன்று அவர் கைக்கு வந்து சேர்ந்தது. வாசல் சுவரில் இடுப்பளவுக்கு எண்ணெய்ப் பச்சை, அதற்கு மேலே வெள்ளை. கலெக்டர் ஆபீஸ் மாதிரி இருக்கும் என்றார். பெரியாஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்றாள் ஞானப்பூ.

வெள்ளையடிக்கிற பால்ச்சாமி வந்து பச்சையை அடித்தான். சுவர் பச்சையானது. வாசல் நிலையின் வலது காலில், பார்க்கிறவர் கண்ணுக்கு நேராக, மூன்று பச்சைச் சொட்டுகளும் தெறித்தன.

"ஈரம் காயுறதுக்குள்ள மண்ணெண்ணெய்த் துணியால ஒரு இழுப்பு இழுத்திட்டா போயிரும் அண்ணாச்சி" என்றான் பால்ச்சாமி.

"மண்ணெண்ணெய் என்ன உங்க வீட்டுக் கெணத்துல ஊறுதா? ரேஷன்ல வாங்கி வெளக்குக்கே காணலை. அப்புறம் பாத்துக்கிடுவோம்."

அப்புறம் பார்த்தபோது சொட்டுகள் காய்ந்து, மிளகு மிளகாக உட்கார்ந்திருந்தன. நகத்தால் சுரண்டினார். நகம்தான் தேய்ந்தது. காலணா ஓரத்தால் நெம்பினார். ஒன்றின் தலை மட்டும் போனது. உடைந்த விளக்குச் சிம்னித் துண்டால் சீவினார். விரலில் ரத்தம் வந்தது. மூன்று சொட்டுகளும் அவரைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தன. சகலை வீட்டு நிலையோ தண்ணீரால் கழுவிவிட்ட மாதிரித் துப்புரவாக நின்றது. ஐயரவுக கண் எதில் விழும்?

கடையில் நூலின் பசையைப் போக்க விற்கிற காஸ்டிக் சோடா நினைவுக்கு வந்தது. பாவு நூலில் ஏறிய அழுக்கையே உருவி எடுத்துவிடுகிற காரம், மூன்று சொட்டுப் பச்சைக்கு எம்மாத்திரம்? தண்ணீரில் கரைத்து, குச்சியில் துணி சுற்றித் தொட்டு வைத்தார். பெயிண்டு நுரைத்து, சுருங்கி, தோலாக உரிந்தது. சுவாமிதாஸ் ஜெயித்த முகத்தோடு வழித்துப் போட்டார். பச்சை போயிற்று. அதோடு மாமனார் அடித்த காப்பிக்கொட்டை நிறமும் உள்ளங்கை அகலத்துக்குப் போயிற்று. அடியில் மரம் தெரிந்தது.

முள்ளங்கி மாதிரி வெளுப்பாக இருந்தது.

சுவாமிதாஸ் தச்சர் இல்லை. ஆனாலும் மரத்தின் உள்ளே இருக்கிற கறுத்த பாகம்தான் வைரம் என்றும், தோலை ஒட்டிய வெள்ளையில் செல்லரிக்கும் என்றும், நல்ல ஆசாரி அதை நிலைக்கு வைக்கமாட்டான் என்றும் யாருக்குத்தான் தெரியாது? நகத்தால் அழுத்தினார். நகம் லேசாகப் பதிந்தது போலவும் இருந்தது, பதியாதது போலவும் இருந்தது. பதிந்ததாகவே முடிவு செய்தார்.

"ஏ ஞானப்பூ! இங்க வா. உங்கப்பா சேதியைப் பாரு."

ஞானப்பூ மாவுக்கையோடு வந்து பார்த்தாள். "என்ன இப்ப? காரத்தை ஊத்துனா எதுதான் வெளுக்காது? உங்க தலையில ஊத்துனா அதும் வெளுக்கும்."

"வெளுத்ததில்லைடி, வெள்ளை! ஒரே மரம். ரெண்டு நிலை. வெள்ளை இங்க இருக்குன்னா, வைரம் எங்க போச்சு?" வலது கை தானாகச் சந்துப் பக்கம் நீண்டது. "இதை மூடத்தான் பெயிண்டு! ஊரைக் கேக்கவிட்டு ஊமை மாதிரி இருந்தாரே, இதுக்குத்தான்!"

"ஐயரவுகளுக்கு என்ன கறி வைக்கிறதுன்னு நான் ரோசனை பண்ணிக்கிட்டிருக்கேன். நீங்க கட்டையைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று ஞானப்பூ உள்ளே போய்விட்டாள்.

அன்று சுவாமிதாஸுக்குக் கடையில் வியாபாரம் ஓடவில்லை. கேட்டது நாற்பதாம் நம்பர் நூல், கொடுத்தது இருபதாம் நம்பர். மனசெல்லாம் சகலையின் நிலைக்காலில் இருந்தது. அந்தக் காப்பிக்கொட்டைப் பூச்சுக்குக் கீழே என்ன ஒளிந்திருக்கிறது? வைரமாக இருந்தால், கல்லறைக்குள்ளிருந்து மாமனார் பதில் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். நேரே போய் "தம்பி, உன் நிலையைச் சுரண்டிப் பாக்கணும்" என்று கேட்கலாம். கேட்டால் பொறாமை என்பார்கள். அவருக்குத்தான் பொறாமையே கிடையாதே. அதனால் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

மறுநாள் பால்ச்சாமி இரண்டாம் பூச்சு அடித்துவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனான். சுவாமிதாஸ் பிரஷ்ஷைப் பச்சையில் நன்றாக முக்கினார். ரோட்டைப் பார்த்தார். பஸ் இல்லை. சந்தைப் பார்த்தார். சகலை வீட்டு ஆடு ஒன்றுதான் முருங்கை இலையை மென்றுகொண்டு நின்றது. கையை வீசி ஓர் உதறு உதறினார். அத்தனையும் ஆட்டின் மேல் விழுந்தது. ஆடு ஒருமுறை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி மென்றது. இன்னும் கொஞ்சம் முன்னால் போய், இன்னொரு முறை உதறினார். சந்தை ஒட்டி நிற்கிற சகலை வீட்டு இடது நிலைக்காலில் இரண்டு சொட்டுகள் கச்சிதமாக உட்கார்ந்தன. ஒன்று மட்டும் எகிறி மேல்சட்டத்தில் ஒட்டிக்கொண்டது.

"அடடா! ஏ இன்பராணி! இந்தப் பயல் பால்ச்சாமி பிரஷ்ஷை ஒதறுன ஒதறுல உங்க நிலையெல்லாம் பச்சையாக்கிட்டுப் போயிட்டானே!"

இன்பராணி வெளியே வந்தாள். நிலையைப் பார்த்தாள். ஆட்டைப் பார்த்தாள். அத்தான் கையில் பச்சை சொட்டிக்கொண்டிருந்த பிரஷ்ஷையும் பார்த்தாள்.

"ஆட்டுக்குமா அத்தான் பெயிண்டு அடிக்கச் சொன்னீக?"

"அவன் ஒரு கண்ணு தெரியாத பய."

"சரி, ஈரமாத்தான இருக்கு. கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுத்திட்டு வாரேன், தொடச்சிருவோம்."

"தொடாத!" சுவாமிதாஸ் குறுக்கே பாய்ந்தார். "ஈரத்துல தொட்டா பரவிரும். காயட்டும். நம்ம வீட்டு ஆளு செஞ்ச தப்பு. நானே வந்து எடுத்துத் தாரேன். மூத்தவன்னு எதுக்கு இருக்கேன்?"

நேற்று மண்ணெண்ணெய் இல்லாததால் காயவிட்டவர், இன்று மண்ணெண்ணெய் கிடைத்தும் காயவிட்டார். மறுநாள் காலை, காஸ்டிக் தண்ணீரும் குச்சியுமாகச் சகலை வாசலில் குத்தவைத்தார். ஏசுவடியான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தான்.

"அண்ணாச்சி, ரெண்டு சொட்டு. இருந்திட்டுப் போகட்டுமே. யாரு பாக்கப் போறா?"

"உனக்கு அழகுன்னா என்னன்னு தெரியாது தம்பி. நீ பேசாம இரு."

பச்சை நுரைத்து உரிந்தது. பழுப்பு உரிந்தது. சுவாமிதாஸ் மூச்சை அடக்கிக்கொண்டு துணியால் வழித்தார். வழித்த இடத்தில், கருப்பட்டிப் பாகு மாதிரி, எண்ணெய் கசிகிற கறுப்பில் தேக்கு தெரிந்தது. மூக்கை அருகே கொண்டுபோனார். காரத்தின் நெடியை மீறி, பதனிட்ட தோல் மாதிரித் தேக்கு வாசம் வந்தது. கண் கலங்கிவிட்டது. காஸ்டிக் நெடி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

"வைரம்" என்றார்.

"எது?"

"உன் நிலை. வைரம். என் நிலை வெள்ளை. உன் மாமனார் செஞ்ச வேலை."

"உங்களுக்கும் மாமனாருதான அவுக?"

"அந்தச் சந்தேகம் எனக்கு இப்பத்தான் வருது. நான் என்ன கொறைஞ்சு போயிட்டேன்? மூத்தவளைக் கட்டினவன். சபையில முன்வரிசை. கோட்டு போடுறவன். எனக்கு மரத்தோட தோலு, உனக்கு மரத்தோட நெஞ்சு!"

அப்போது ஏசுவடியான் சண்டை போட்டிருந்தால் சுவாமிதாஸுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சிரித்தான். "அண்ணாச்சி, நிலைதான? வேணும்னா எடுத்துக்கிடுங்க. உங்க நிலையை இங்க நட்டுக்கிடுறேன். எனக்கு வீட்டுக்குள்ள போக ஒரு வழி இருந்தாச் சரி."

இத்தனை வருஷமாகத் தன்னை அரித்த ஒன்றை, எச்சிலைத் துப்புவது போல் எடுத்துக்கொள் என்கிறானே! வைரத்தைக் கொடுத்ததும் அல்லாமல், அதைப் பெரிதாக நினைக்காத மனசையும் அல்லவா மாமனார் இவனுக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்! சுவாமிதாஸ் குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"சொன்ன சொல்லு மாறக்கூடாது தம்பி."

"மாறமாட்டேன்."

சுவாமிதாஸ் நேராகப் போய் ராஜகுரு ஆசாரியைக் கூட்டிவந்தார். அந்த மரத்தை அறுத்து நிலைகளைச் செய்தவர் ராஜகுருவின் தகப்பனார். அவரும் இப்போது இல்லை.

"நட்ட நிலையை ஆட்டக்கூடாது அண்ணாச்சி. ஆட்டினா வீடு பேசும்" என்றார் ராஜகுரு.

"பேசட்டும். எனக்கும் அதுகிட்டக் கேக்க வேண்டியது இருக்கு."

"அப்ப ரெண்டு வீட்டுக்கும் தேங்காய் ஒடைக்கணும்."

"நாங்க அதெல்லாம் செய்யுறதில்ல."

"நீங்க செய்ய வேண்டாம். நான் சந்துல வச்சு ஒடைச்சுக்கிடுறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி உங்க சங்கீதத்தை வாசிங்க."

ஞானப்பூ அழுது பார்த்தாள். "எங்கப்பா கை வச்சு நட்டது. அதைப் பேத்தா அவுகளையே பேக்குற மாதிரி. ஞாயித்துக்கிழமை பண்டிகையை வச்சுக்கிட்டு இது என்ன கூத்து?"

"ஐயரவுக வைரத்து வழியா உள்ள வரட்டும்" என்றார் சுவாமிதாஸ்.

சனிக்கிழமை காலையில் சந்தில் தேங்காய் உடைந்தது. சாரோன் வில்லாவின் வாசலில் கோட்டு போட்ட ஒருவர் வேதபுத்தகத்தை விரித்துத் தொண்ணூற்றோராம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தார். ராஜகுருவும் ஆட்களும் கடப்பாரையைப் போட்டார்கள். பச்சைச் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. பட்டாளத்துப் பெயிண்டு ஓடு ஓடாகப் பெயர்ந்து விழ, அதைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவாமிதாஸ் சங்கீதத்தை இன்னும் சத்தமாக வாசித்தார். முதலில் அவர் வீட்டு நிலை, அடுத்துச் சகலை வீட்டு நிலை. இரண்டையும் தூக்கிவந்து ரோட்டோரத்தில் பக்கத்தில் பக்கத்தில் குப்புறப் போட்டார்கள். சுவருக்குள் புதைந்திருந்த முதுகுப் பக்கம் வெயிலில் தெரிந்தது. அங்கே யாரும் பெயிண்டு அடித்திருக்கவில்லை.

ராஜகுருதான் முதலில் பார்த்தார். மண்ணைக் கையால் துடைத்தார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

"அண்ணாச்சி, இங்க வாங்க."

சுவாமிதாஸ் போனார். அவருடைய நிலையின் வலது கால் வெள்ளை. இடது கால் கன்னங்கரேல் என்று வைரம். சகலையின் நிலை? இடது கால் வைரம். வலது கால் வெள்ளை. இரண்டு மேல்சட்டங்களும் பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. ஒரே மரத்தை நடுவில் வகிடு எடுத்தது போல் பங்கு வைத்திருந்தார்கள். குண்டுமணி அளவு கூடுதல் குறைவு இல்லை.

"எங்கய்யா வேலை" என்றார் ராஜகுரு. "பொதுவா வைரத்தை மட்டும் எடுத்து ஒரு நிலை செஞ்சிட்டு, வெள்ளையைத் தள்ளிருவோம். உங்க மாமனாரு விடலை போலருக்கு. ஆளுக்கொரு நல்ல காலு, ஆளுக்கொரு நோஞ்சான் காலு. அது தெரியாம இருக்கத்தான் பெயிண்டு."

நேற்று வரை சுவாமிதாஸ் சுரண்டியது தன் வீட்டு வலது காலை. சகலை வீட்டில் சுரண்டியது இடது காலை. மற்ற காலைத் தொட அவருக்குத் தோன்றவே இல்லை.

அக்காளும் தங்கையும் அந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே நின்று முதலில் அழுதார்கள், அப்புறம் சிரித்தார்கள். "அப்பா ஒருத்திக்கும் கொறை வைக்கலைடி" என்றாள் ஞானப்பூ. ஏசுவடியான், "அண்ணாச்சி, சந்தோசந்தானே? நீங்களும் நானும் ஒண்ணுதான் அவுகளுக்கு" என்றான்.

ஒன்றுதான்!

சுவாமிதாஸ் அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்று பார்த்தார். கசந்தது. கீழே வைத்திருந்தால்கூட ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். மேலே வைத்திருந்தால் பேச்சே இல்லை. சமமாக வைத்துவிட்டாரே! மூத்தவனும் இளையவனும் சமமா? முன்வரிசையும் கரி மூட்டையும் சமமா? இவ்வளவு நுணுக்கமாக அளந்து அளந்து சமமாக்க, அந்த மனுஷனுக்குத் தன் மேல் என்ன கோபம்?

"பழையபடி அதது எடத்துல நட்டுருவோமா?" என்று ராஜகுரு கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கரிப்புகையைக் கக்கிக்கொண்டு பஸ் வந்து நின்றது. "ஏஜெண்டு வீடு! ஏஜெண்டு வீடு எறங்கு!" வெள்ளை அங்கியும் தகரப் பெட்டியுமாக ஐயர் இறங்கினார். இடது பக்கம் பார்த்தார். வாசல் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை. வலது பக்கம் பார்த்தார். அங்கேயும் ஓட்டை.

"கொள்ளையா போயிருச்சு?" என்றார் பதறி.

சுவாமிதாஸ்தான் முந்திக்கொண்டார். கோட்டின் மேல் படிந்த காரையைத் தட்டிவிட்டு, இரண்டு எட்டு முன்னால் வைத்தார்.

"தோத்திரம் ஐயரே. கொள்ளையெல்லாம் இல்ல. நாங்க சகலபாடிக. அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையா, சகோதர அன்புக்கு அடையாளமா, ஒருத்தரு வாசல் நிலையை ஒருத்தருக்குக் குடுத்து மாத்திக்கிடுறோம். என் யோசனைதான்."

ராஜகுரு ஆசாரிக்கு இருமல் வந்தது. இன்பராணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஐயரோ சுவாமிதாஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு சாட்சியைத் தன் ஊழியத்தில் கேட்டதில்லை என்றார். கண் கலங்கிவிட்டார். பக்கத்தில் காஸ்டிக் ஒன்றும் இல்லை.

"அப்படின்னா..." என்று ராஜகுரு தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி சொல்லிட்டாகள்ல? மாத்தியே நடுங்க" என்றான் ஏசுவடியான். முகத்தில் சிரிப்பில்லை. அதுதான் சுவாமிதாஸுக்குச் சந்தேகமாக இருந்தது.

வேறு இடமில்லாததால் ஐயருக்குச் சந்தில்தான் பாய் விரித்தார்கள். ஞானப்பூ வைத்த கோழிக் குழம்பும் இன்பராணி வைத்த கோழிக் குழம்பும் ஒரே இலையில் விழுந்தன. எந்தக் குழம்பை ஐயர் இரண்டாம் தடவை கேட்கிறார் என்று சுவாமிதாஸ் உன்னிப்பாகக் கவனித்தார். ஐயர் இரண்டையும் குழப்பி அடித்துப் பிசைந்துவிட்டதால் கண்டுபிடிக்க முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் ராஜகுரு இரண்டு நிலைகளையும் இடம் மாற்றி நட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முழுக்க அதுதான். ஒரு சகோதரன் தன் மேலாடையைக் கொடுப்பான், தன் அப்பத்தைக் கொடுப்பான். பாளையம்பட்டியிலோ ஒரு சகோதரன் தன் வாசலையே பெயர்த்துக் கொடுத்தான் என்றார் ஐயர். சபை முழுதும் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தது. சுவாமிதாஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பார்த்தவர்கள் தாழ்மை என்று நினைத்தார்கள். இனி இந்த ஜென்மத்தில் அந்த நிலையைத் திருப்பிக் கேட்க முடியாது என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஏன் திருப்பிக் கேட்க வேண்டும்? இரண்டும் ஒன்றுதானே? அப்படித்தான் அவரும் சில நாள் இருந்தார். பிறகு ஏசுவடியான் ஒரு காரியம் செய்தான். மண்ணெண்ணெய்த் துணியும் மொட்டைக் கத்தியும் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வாசல் நிலையின் காப்பிக்கொட்டைப் பூச்சை வழித்துவிட்டான். ஆளிவிதை எண்ணெயைத் தடவினான். ஒரு கால் கறுப்பும், ஒரு கால் சந்தன வெளுப்புமாக, மேல்சட்டத்தில் இரண்டும் கலந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து நிற்பது போல் அந்த நிலை காலை வெயிலில் ஜொலித்தது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். மல்லாங்கிணற்று மிராசு ஒருவர் இறங்கி வந்தே, இது எந்த ஊர் வேலை என்று கேட்டுவிட்டுப் போனார்.

சுவாமிதாஸ் தன் வாசலில் நின்று பார்த்தார். அவர் தலைக்கு மேலே, இடம் மாறி வந்த நிலையின் மேல்சட்டத்தில், அன்று அவரே எகிறவிட்ட பச்சைச் சொட்டு அப்படியே காய்ந்து கிடந்தது.

"ஏ ஞானப்பூ. அது நம்ம நிலைதானே?"

"எது?"

"அந்தா, அங்க இருக்கிறது. பண்டிகை வரைக்கும் நம்ம வீட்டுல இருந்தது."

"ஆமா. அதுக்கென்ன?"

"நம்ம வீட்டுல இருந்தப்ப இப்படியா இருந்துச்சு? அங்க போனதும் என்ன மினுக்கு மினுக்குது பாத்தியா? நம்ம நிலைதான் ஒசத்தி. எனக்கு அப்பவே தெரியும். உங்கப்பா எனக்குத்தான் நல்லதைக் குடுத்திருந்தாரு."

ஞானப்பூ அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். சந்து வழியாகத் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.

சுவாமிதாஸ் உள்ளே போனார். டின்னில் இன்னும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது. மேலே படிந்திருந்த ஆடையைக் குச்சியால் விலக்கி, பிரஷ்ஷை முக்கிக்கொண்டு வெளியே வந்தார். ரோட்டைப் பார்த்தார். பஸ் இல்லை. சந்தைப் பார்த்தார். முதுகில் பச்சைத் திட்டு இன்னும் போகாத ஆடு மட்டும் நின்று மென்றுகொண்டிருந்தது. அது அவரைப் பார்த்தது. பிரஷ்ஷைப் பார்த்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டு, அவசரமில்லாமல் நகர்ந்து சந்தின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது.